தலைவர் சாகாமல் இருக்க மாஸ்கோவில் ஒரு சேவை: வாங்கியவர்களுக்கு எப்படி உழைத்தது?

2025 செப்டம்பர் 3, பெய்ஜிங்கில் ராணுவ அணிவகுப்பு. தியானன்மென் மேடையை நோக்கி ஷி ஜின்பிங், புதின், கிம் ஜாங் உன் மூவரும் நடந்துபோனபோது மைக் திறந்தே இருந்தது. உறுப்புகளை மாற்றிக்கொண்டே வந்தால் மனிதன் இளமையாகிக்கொண்டே போகலாம், சாவே இல்லாமலும் ஆகலாம் என்று புதினின் மொழிபெயர்ப்பாளர் சொன்னது ஒலிபரப்பில் கேட்டது. இந்த நூற்றாண்டுக்குள் 150 வயது வரை வாழ முடியும் என்கிறார்கள் என்று ஷி சொன்னதும் கேட்டது. அன்று இருவருக்கும் வயது 72.

அந்த மருந்து இன்னும் கடைக்கு வரவில்லை. ஆனால் இறந்துபோன தலைவரைப் பதவியிலிருந்து இறங்கவிடாமல் வைத்திருக்கும் சேவை ஒன்று நூறு வருடமாக நடக்கிறது. அன்று மூவரும் மேடையிலிருந்து பார்த்த சதுக்கத்தில்தான் மாவோவின் உடல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கிம்மின் அப்பாவும் தாத்தாவும் பியாங்யாங்கில் அப்படியே கிடக்கிறார்கள். லெனின், புதினின் கிரெம்ளின் மதிலுக்கு வெளியே. மாவோவைத் தவிர மற்ற மூவரும் மாஸ்கோவின் ஒரே ஆய்வகத்துக் கைவேலை. அந்த ஆய்வகத்தின் சேவைதான் இங்கே மதிப்பீட்டுக்கு வருகிறது: என்ன தருகிறார்கள், எங்கே சொதப்புகிறது, யாருக்கு லாபம்.

சரக்கு

லெனின் 1924 ஜனவரி 21 அன்று இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்த அப்ரிகோசோவ், பெருந்தமனி வழியாக ஃபார்மலின், ஆல்கஹால், கிளிசரின் கலவையை ஏற்றினார். அடக்கம் முடியும்வரை சில நாள் தாங்கினால் போதும் என்பதுதான் அப்போதைய கணக்கு. அதனால் பரிசோதனையின்போது பெரிய ரத்தக் குழாய்களை வெட்டிவிட்டார். நிரந்தரமாக வைக்கலாம் என்று மேலிடம் முடிவெடுத்தபோது, மருந்தை உடல் முழுக்கக் கொண்டுபோகும் இயற்கையான குழாய் அமைப்பு ஏற்கெனவே போயிருந்தது. இந்தச் சேவையில் பின்னால் வந்த எல்லாச் சிரமத்துக்கும் மூலம் இதுதான்: உடலை வைத்துக்கொள்வதா என்ற அரசியல் முடிவு, மருத்துவரின் கத்திக்குப் பிறகு வந்தது.

மார்ச் வரை மாஸ்கோ குளிர் காப்பாற்றியது. பிறகு முகத்தில் கறை படிந்தது, தோல் காயத் தொடங்கியது. உறைய வைத்துவிடலாம் என்றார் பொறியாளரும் கட்சித் தலைவர்களில் ஒருவருமான க்ராசின். உடற்கூறியல் பேராசிரியர் வொரொபியோவும் உயிர்வேதியியலாளர் போரிஸ் ஸ்பார்ஸ்கியும் வேறு வழி சொல்லி மார்ச் 26 அன்று வேலையில் இறங்கினார்கள். நான்கு மாத வேலை. ஆகஸ்ட் 1 அன்று மக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

முறை இதுதான். முதலில் ஃபார்மலின். அது கிருமியைக் கொன்று திசுவை இறுக வைக்கும். ரத்தக் குழாய் வழி அடைபட்டதால் ஆங்காங்கே தோலைக் கீறி, உடலைத் தொட்டியில் முக்கி ஊற வைத்தார்கள். அடுத்து ஆல்கஹால் தொட்டி. தோலின் நிறம் கொஞ்சம் மீளும், உள்ளே போகவேண்டிய மருந்துக்கு வழி பிறக்கும். அதன்பின் கிளிசரினைப் படிப்படியாகக் கூட்டுவார்கள். கடைசித் தொட்டியின் கலவை: 240 லிட்டர் கிளிசரின், 110 கிலோ பொட்டாசியம் அசிடேட், 150 லிட்டர் தண்ணீர், பூஞ்சை பிடிக்காமலிருக்க ஒன்றிரண்டு சதவீதம் குயினைன். கறைகளுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு.

ஃபார்மலின் மட்டும் போதாதா என்றால், போதாது. ஃபார்மலினில் மட்டும் வைத்த உடல் விறைத்து, வெளிறி, கல்லூரி ஆய்வகத்து ஜாடி மாதிரிகளின் நிறத்துக்குப் போய்விடும். கிளிசரினும் பொட்டாசியம் அசிடேட்டும் நீரைப் பிடித்து வைக்கும் பொருள்கள். தேனில் ஊறிய நெல்லிக்காய் காயாமலும் அழுகாமலும் இருப்பதற்கும் இதுதான் காரணம். ஆனால் நீரை இழுக்கும் பொருள் காற்றிலிருந்தும் இழுக்கும், காற்று வறண்டால் விட்டுக்கொடுக்கவும் செய்யும். ஆகவே அறையும் மருந்தின் ஒரு பகுதிதான்: 16 டிகிரி வெப்பம், 80 முதல் 90 சதவீதம் ஈரப்பதம். ஈரம் குறைந்தால் விரல் நுனிகளும் காதும் முதலில் சுருங்கும்.

உதிரி பாகங்களும் உண்டு. மூளை உள்ளே இல்லை. அது தனி நிறுவனத்துக்குப் போய் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டது. இமைக்குள் செயற்கைக் கண்கள். தோலுக்கடியில் கொழுப்பு கரைந்த இடங்களில் பாரஃபின், கிளிசரின், கரோட்டின் சேர்ந்த கலவை. கோட்டுக்குள் ரப்பர் உறை, அதற்குள் மெல்லிய படலமாக மருந்து. முகத்தில் விழும் விளக்குக்கு இளஞ்சிவப்பு வடிகட்டி. மூல உடல் எவ்வளவு மிச்சம் என்று கேட்டால் ஆய்வகத்தார் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். உருவம், எடை, நிறம், மூட்டு வளையும் தன்மை இவை மாறாமலிருப்பதுதான் அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்.

பராமரிப்பு இல்லாமல் இது ஒன்றுமில்லை. வாரம் இருமுறை முகத்தையும் கைகளையும் சோதிப்பார்கள். ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை உடையெல்லாம் களைந்து மறுபடி தொட்டியில் வாரக்கணக்கில் ஊறப்போடுவார்கள். 2016ல் லெனினுக்கு மட்டும் ஒதுக்கிய தொகை சுமார் 1.3 கோடி ரூபிள். ஆக, இது ஒருமுறை காசு கொடுத்து வாங்கி மறந்துவிடும் பொருளல்ல, வாழ்நாள் பராமரிப்பு ஒப்பந்தம். யாருடைய வாழ்நாள் என்பதுதான் கேள்வி.

எங்கே சொதப்புகிறது

முதல் எதிரி தாமதம். வெனிசுவேலாவில் 2013 மார்ச் 5 அன்று அதிபர் சாவேஸ் இறந்தார். இரண்டு நாள் கழித்து, லெனின், ஹோ சி மின், மாவோ போல அவரும் கண்ணாடிக்குள் நிரந்தரமாக இருப்பார் என்று அவருக்கு அடுத்து வந்த மதுரோ அறிவித்தார். அடுத்த வாரமே இறங்கி வந்தார். இன்னும் முன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும், இப்போது செய்வதென்றால் உடல் ரஷ்யாவில் ஏழெட்டு மாதம் இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் சொல்லிவிட்டார்கள். ஆட்சியைப் பிடித்து நிறுத்தவேண்டிய முதல் ஏழெட்டு மாதம் உடல் வெளிநாட்டில் இருந்தால் புது ஆட்சியாளருக்கு அதனால் என்ன பயன்? கல்லறையில் வைத்தார்கள்.

இரண்டாவது, அனுபவமில்லாத கை. 1976ல் மாவோ இறந்தபோது சீனாவுக்கும் மாஸ்கோவுக்கும் ஆகாது. சொந்தமாகச் செய்தார்கள். 16 லிட்டர் ஃபார்மால்டிஹைடு என்பதே கணக்கு. பயத்தில் 22 லிட்டர் ஏற்றியதாக மாவோவின் மருத்துவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். முகம் பந்துபோல வீங்கியது, கழுத்து தலையளவு பருத்தது, தோலின் துளைகளில் திரவம் கசிந்தது. துணியும் பஞ்சும் வைத்து அழுத்தி நீரைக் கீழே தள்ளி, சட்டையைப் பின்னால் கிழித்துப் போட்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மெழுகுச் சிலையும் செய்தார்கள்.

மூன்றாவது, கண்ணாடிக்கு வெளியே இருப்பவர்கள். 1973ல் லெனின் மண்டபத்துக்குள் ஒருவர் குண்டை வெடிக்கச் செய்தார். இப்போதிருக்கும் பெட்டி குண்டு துளைக்காதது.

ஆய்வகத்தாருக்கே பணிப் பாதுகாப்பு கிடையாது. லெனினைக் காத்த ஸ்பார்ஸ்கியை ஸ்டாலினின் கடைசிக் காலத்தில், 1952ல், கைது செய்தார்கள். 1991க்குப் பிறகு அரசுப் பணம் வற்றியபோது, துப்பாக்கிச் சண்டைகளில் செத்த புதுப்பணக்காரர்களின் முகங்களைச் செப்பனிட்டுத்தான் ஆய்வகம் பிழைத்தது.

வாங்குவது யார்

உடலுக்குச் சொந்தக்காரர்கள் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. லெனினின் மனைவி க்ரூப்ஸ்கயா, அவர் பெயரில் நினைவுச்சின்னம் எழுப்பாதீர்கள், குழந்தைகள் காப்பகமும் பள்ளியும் கட்டுங்கள் என்று அடக்கம் முடிந்த சில நாளில் பத்திரிகையில் எழுதினார். மாவோ, தலைவர்களின் உடலை எரிக்க வேண்டும் என்ற தீர்மானத்தில் 1956லேயே கையெழுத்துப் போட்டவர். ஹோ சி மின் தன்னை எரித்துச் சாம்பலை வடக்கு, மத்தி, தெற்கு என்று மூன்றாகப் பிரித்து மலைகளில் வைக்கச் சொல்லி உயில் எழுதினார். 1969ல் உயிலை வெளியிட்டபோது அந்தப் பகுதியைக் கட்சி எடுத்துவிட்டது. செப்டம்பர் 2 சுதந்திர தினம் என்பதால், அன்று இறந்தவரை 3ஆம் தேதி இறந்ததாக அறிவித்தார்கள். இரண்டையும் ஒப்புக்கொண்டது 1989ல்.

வாடிக்கையாளர் எப்போதும் அடுத்து வந்தவர்தான். அவருக்கு வேண்டியது முகம், வாய் வேண்டாம். லெனின் தன் கடைசி நாட்களில் சொல்லி எழுதவைத்த குறிப்புகளில், ஸ்டாலின் முரட்டுத்தனமானவர், அவரைப் பொதுச்செயலாளர் பதவியிலிருந்து நகர்த்துங்கள் என்று இருக்கிறது. 1924 மே மாதம் நடந்த 13வது கட்சி மாநாட்டில் அதைப் பிரதிநிதிகளுக்குத் தனித்தனிக் குழுவாகப் படித்துக் காட்டிவிட்டு, அச்சிடக் கூடாது என்று பூட்டி வைத்தார்கள். அதே மே மாதம்தான் அவருடைய உடலை வொரொபியோவ் காப்பாற்றிக்கொண்டிருந்தார். சொல் 1956 வரை சோவியத்தில் பகிரங்கமாக வெளிவரவில்லை. உடல் ஆகஸ்ட்டிலேயே வெளிவந்துவிட்டது. இந்தச் சேவையின் அரசியல் பயன்பாடு முழுவதும் இந்த ஒரு மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது.

பலன்

ஸ்டாலினுக்கு மிக நன்றாக உழைத்தது. 1930ல் கிரானைட்டில் கட்டிமுடித்த மண்டபத்தின் கூரையையே மேடையாக்கி, லெனினின் தலைக்கு மேல் நின்று அணிவகுப்பைப் பார்த்தார்கள். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்பதை வைத்து வெளிநாட்டுத் தூதரகங்கள் அதிகார வரிசையைக் கணக்கிட்டன. ஆனால் அவரே சரக்கானபோது எட்டு வருடம்தான் தாக்குப்பிடித்தது. 1961 அக்டோபரில் 22வது மாநாட்டில் லசுர்கினா என்ற மூத்த உறுப்பினர் எழுந்து, இலிச்சிடம், அதாவது லெனினிடம், மனதுக்குள் ஆலோசனை கேட்டதாகவும், ஸ்டாலினுக்குப் பக்கத்தில் படுத்திருப்பது பிடிக்கவில்லை என்று அவர் சொன்னதாகவும் பேசினார். தீர்மானம் நிறைவேறியது. 31ஆம் தேதி இரவு ஸ்டாலினை வெளியே எடுத்துக் கிரெம்ளின் மதிலோரம் புதைத்தார்கள். ஒரு பிணத்தை வெளியேற்ற இன்னொரு பிணத்தின் சாட்சி தேவைப்பட்டது என்பதே இந்தச் சேவையின் வலிமைக்கு அத்தாட்சி.

பல்கேரியாவின் திமித்ரோவுக்கு 1949ல் ஆறே நாளில் மண்டபம் எழுந்தது. ஆட்சி மாறியதும் 1990ல் உடலை எரித்தார்கள். 1999 ஆகஸ்ட்டில் கட்டிடத்துக்கு வெடி வைத்தபோது அது லேசாகச் சாய்ந்ததோடு நின்றுவிட்டது. நாலாவது முயற்சியில்தான் விழுந்தது. ஆறு நாள் வேலைக்கு அது நல்ல கட்டுமானம். செக்கோஸ்லோவாகியாவின் காட்வால்டை 1962ல் எரித்தார்கள். உடல் கெட்டுவிட்டது என்று பேச்சு உண்டு. ஸ்டாலினையே வெளியேற்றிய பிறகு அவருடைய சீடரை வைத்திருக்க முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். அங்கோலாவின் நெட்டோவை, முதல் பலகட்சித் தேர்தல் நடந்த 1992ல் அடக்கம் செய்தார்கள்.

சீனாவில் மாவோவுக்கு அடுத்து வந்த ஹுவா குவோஃபெங்குக்கு நஷ்டம். "நீங்கள் பொறுப்பில் இருந்தால் எனக்கு நிம்மதி" என்று மாவோ எழுதித்தந்த துண்டுச்சீட்டுதான் அவருடைய மூலதனம். மாவோ எடுத்த எந்த முடிவையும் காப்போம், சொன்ன எதையும் பின்பற்றுவோம் என்று அறிவித்தார். ஒரு வருடத்துக்குள் நினைவு மண்டபத்தைக் கட்டி, பெயர்ப்பலகையைத் தன் கையெழுத்திலேயே எழுதினார். 1977 செப்டம்பரில் திறப்பு; 1978 டிசம்பரில் கடிவாளம் டெங் சியாவோபிங்கின் கைக்குப் போய்விட்டது. டெங் உடலைத் தொடவில்லை, கொள்கையை மட்டும் மாற்றினார். வாய் இல்லாத முகம் யாருக்கும் துணை நிற்கும் என்பதை ஹுவா கவனிக்கவில்லை.

முழு மதிப்பெண் வடகொரியாவுக்கு. அங்கே உடலோடு நிறுத்தாமல் சட்டத்தையும் பதப்படுத்தினார்கள். 1994ல் கிம் இல் சுங் இறந்தார். 1998 அரசியல் சாசனம் அவரை என்றென்றைக்குமான குடியரசுத் தலைவர் ஆக்கி, அந்தப் பதவியையே மூடியது. மகன் கிம் ஜாங் இல் அந்த நாற்காலியில் உட்காரவே இல்லை. தேசியப் பாதுகாப்பு ஆணையத் தலைவர் பதவியை நாட்டின் உச்சப் பதவியாக்கிக்கொண்டு ஆண்டார். காலி நாற்காலி இருந்தால்தான் போட்டி வரும். செத்தவர் உட்கார்ந்திருந்தால் யார் போட்டியிடுவது? நுட்பமான பொறி. ஆனால் தேய்மானம் இங்கேயும் உண்டு. 2012ல், இறந்துபோன கிம் ஜாங் இல்தான் நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று அறிவித்த கட்சி, 2021ல் அவர் மகனை அதே பொதுச்செயலாளர் பதவிக்குத் தேர்ந்தெடுத்தது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது பரிச்சயமான கதை. 2017 செப்டம்பரில் அதிமுக பொதுக்குழு ஜெயலலிதாவே நிரந்தரப் பொதுச்செயலாளர் என்று தீர்மானித்து அந்தப் பதவியை மூடியது. 2022 ஜூலையில் திறந்து எடப்பாடி பழனிசாமியை இடைக்காலப் பொதுச்செயலாளராக உட்கார வைத்தது. ஒரு இடத்தில் ஒன்பது வருடம், இன்னொரு இடத்தில் ஐந்து.

போட்டி நிறுவனமென்றால் ஸ்பெயின் மருத்துவர் பெத்ரோ அரா. 1952ல் இறந்த, அர்ஜென்டினா அதிபர் பெரோனின் மனைவி எவா பெரோனின் உடலில் ரத்தத்துக்குப் பதில் கிளிசரின் ஏற்றிப் பதப்படுத்தியவர். தரத்தில் குறையே சொல்ல முடியாது, சிக்கலே அதுதான். 1955ல் பெரோனைக் கவிழ்த்த ராணுவத்துக்கு அந்த உடலை வைத்திருக்கவும் பயம், அழிக்கவும் பயம். ஒளித்து ஒளித்து வைத்து, கடைசியில் 1957ல் மிலானில் பொய்ப் பெயரில் புதைத்தார்கள். 1971ல்தான் கணவரிடம் திரும்பியது. அழியாத உடல் ஆட்சி மாறினாலும் அழியாது, அதுவரை வைத்திருந்தவருக்கு எதிராகவும் வேலை செய்யும். அராவிடம் வாங்க நினைப்பவர் இதையும் விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உயிரோடு சாகாமை வந்தால்

மேலே சொன்ன பலன் எதுவும் அதில் கிடைக்காது. செத்த தலைவரின் சாகாமையில் இரண்டாமிடத்தில் இருப்பவர் வாடிக்கையாளர். உயிருள்ள தலைவரின் சாகாமையில் அவர்தான் முதல் பலி. வாரிசு காத்திருப்பதே சாவு வரும் என்ற நம்பிக்கையில். அது போனால் காத்திருக்கக் காரணம் இல்லை. அதைத் தலைவரும் அறிவார். வாரிசையே வைத்துக்கொள்ள மாட்டார்.

பதவிக்கால வரம்பில்லாத நாடுகளில் பெரும்பாலும் வேலை செய்த வரம்பு மரணம். மாவோ இறந்து நான்கு வாரத்தில் அவருடைய மனைவி உட்பட நால்வர் கைதானார்கள். சோவியத்தில் 1982, 1984, 1985 என்று மூன்று வருடங்களுக்குள் மூன்று பொதுச்செயலாளர்கள் போன பிறகுதான் கொர்பசோவுக்கு இடம் கிடைத்தது. சீனா 2018ல் அதிபர் பதவிக்கு இருந்த இரண்டு தவணை வரம்பை எடுத்துவிட்டது. ரஷ்யா 2020ல் திருத்திய சட்டப்படி புதின் 2036 வரை பதவியில் இருக்கலாம். காகித வரம்பு போனபின் மிச்சமிருப்பது உடல் வரம்பு மட்டும். 80 வயது தாண்டிய கர்தினால்களுக்குப் போப்பைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு இல்லை என்ற வாடிகன் விதி போன்றவையும், 150 வயது சாதாரணமானால் பல் இழந்துவிடும். அப்போது வயதை விட்டுவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்த வருடங்களை எண்ணும் விதிகளுக்குத்தான் வேலை இருக்கும்.

நேரில் பார்க்கப் போகிறவர்களுக்கு

மாஸ்கோவில் அனுமதி இலவசம், வழக்கமான நேரம் காலை 10 முதல் 1 வரை, திங்களும் வெள்ளியும் மூடல். சீரமைப்புக்காக நீண்ட காலம் மூடுவதும் உண்டு, பயணச்சீட்டு எடுக்கும் முன் விசாரியுங்கள். உள்ளே நிற்க விடமாட்டார்கள்; தொப்பி, பாக்கெட்டுக்குள் கை, படம் எடுத்தல் எதுவும் கூடாது. மே 9 அணிவகுப்பன்று போனால் மண்டபத்தை அலங்காரப் பலகைகளால் மறைத்திருப்பார்கள்.

ஹோ சி மின் இருக்கும் ஹனோயிலும் காலை மட்டும்தான், அங்கேயும் திங்கள், வெள்ளி கிடையாது. வருடத்தில் சில வாரம், பெரும்பாலும் கோடையில், பராமரிப்புக்காகப் பூட்டுவார்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத மேல்சட்டை போட்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். பெய்ஜிங்கில் முன்பதிவும் பாஸ்போர்ட்டும் வேண்டும், பை கொண்டுபோகக் கூடாது. பியாங்யாங்குக்குத் தனியாகப் போக வழியில்லை. அரசு வழிகாட்டியோடு, டை கட்டி, நீளமான நகரும் நடைபாதைகளில் நின்று, காலணி துடைத்து, காற்றூதி தூசு தட்டிய பிறகு உள்ளே விடுவார்கள். காலடியிலும் இரு பக்கமும் குனிய வேண்டும்; தலைமாட்டில் குனியக் கூடாது.

ஒரே ஒரு இடம்தான் போக முடியும் என்றால் பிராக் நகரின் வீத்கோவ் குன்று. காட்வால்டின் உடல் அங்கே இல்லை. அதைத் தாங்கிய நிலத்தடி ஆய்வகத்தை மட்டும் காட்சிக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள். மற்ற இடங்களில் காட்டாத பகுதி அதுதான்.